ஒரு கேபிளுக்கு ஒன்று

வந்தவள் பழைய ஹார்ட் டிஸ்க்கை என் ரிப்பேர் மேஜையில் வைத்தாள்.

“எங்க கல்யாண போட்டோ இதுலதான் இருக்கு. வீட்டுக்காரர் வெளியூர் வேலையிலிருந்து நாளைக்கு வர்றார். எங்க இருந்தாலும் ராத்திரி என்கிட்ட பேசாம தூங்க மாட்டார்.”

எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரர் ராத்திரியானால் ஆபீஸ் போன் என்று மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

“இது ஐடிஇ. ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க் ஓடும். அப்புறம் வந்த சாட்டாவுல ஒரு கேபிளுக்கு ஒன்னுதான்,” என்றேன்.

“அப்ப எங்க வீட்டுக்காரர் சாட்டா,” என்று பெருமையாகச் சிரித்தாள்.

பட்டைக் கேபிளைச் செருகினேன். திரையில் மணமக்கள் படம் விரிந்தது. அந்த மாப்பிள்ளைக்கு இன்று காலைதான், ஊருக்குக் கிளம்புகிறாரே என்று, சட்டை தேய்த்துக் கொடுத்தேன்.

“இல்லீங்க,” என்றேன். “அவர் ஐடிஇ.”