வாடிய பாத்தி

ஆஸ்டர் பூச்செடி வாடிப்போன பாத்தியில் திரும்ப ஆஸ்டரே நடக்கூடாது என்பதில் தேன்மொழியின் அப்பா மாதப்பன் கறார். "நோய் மண்ணுக்குள்ள உக்காந்திருக்கு. எத்தன நல்ல நாத்த வெச்சாலும் தின்னுடும்" என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் தோட்டத்தில் பூ குலுங்கியது.

மூத்தவள் அமுதா புகுந்த வீட்டில் வயிற்றுவலியால் செத்தாள் என்றார்கள். ஊரில் அதை நம்பியவர் யாருமில்லை. காரியம் முடிந்த கையோடு அந்த வீட்டார் தாம்பூலத் தட்டோடு இளையவளைக் கேட்டு வந்தார்கள். "பச்சக் கொழந்த கெடக்குது. வேற ஒருத்தி வந்து பாப்பாளா?" என்றபடி மாதப்பன் தட்டை வாங்கிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற தேன்மொழியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் நாற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய், செடிகள் கருகி வெறுமையாகக் கிடந்த பாத்தியில் குனிந்தாள். இருப்பதிலேயே செழித்த ஆஸ்டர் நாற்றுகளாகப் பார்த்துப் பார்த்து நட்டாள். மாதப்பன் வரப்பிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? அதுலதான எல்லாம் செத்துச்சு!"

"தெரியும்ப்பா" என்றபடி தேன்மொழி அடுத்த நாற்றுக்குக் குழி பறித்தாள்.