மூன்றாவது தொட்டி

"தண்ணியே ஊத்தாத தொட்டி, நேத்தைவிட நாப்பது கிராம் கூடியிருக்கு. எப்படி?"

அறிவியல் டீச்சர் எடைக்குறிப்பு நோட்டை மேசைமேல் போட்டார். எதிரே நான்காம் வகுப்பின் ரெட்டைஜடையும் சோடாபுட்டியும் நின்றார்கள்.

"நாங்க ஊத்தல டீச்சர்," என்றாள் ரெட்டைஜடை.

"அப்ப வானத்துலேர்ந்து வந்துச்சா?"

"வராந்தாவுக்குக் கூரை இருக்கே டீச்சர்," என்றான் சோடாபுட்டி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ரகம்.

பள்ளிக் கண்காட்சிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் டீச்சரேதான். மூன்று பீன்ஸ் செடிகள். முதல் தொட்டிக்குத் தினமும் அரை டம்ளர் தண்ணீர், இரண்டாவதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதற்குச் சொட்டுக்கூடக் கிடையாது. காலையும் மாலையும் எடை பார்த்துக் குறிக்க வேண்டும்.

"செத்துடுமே டீச்சர்," என்று முதல் நாளே இழுத்தாள் ரெட்டைஜடை.

"வாடணும். அதுக்குத்தானே வைக்கிறோம். அறிவியலுக்குப் பாவ புண்ணியம் கிடையாது."

இதற்கு ஒப்பீட்டுச் செடி என்று பெயர். செடிக்கு அது தெரியாது. 'தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று சிவப்பு மையில் டீச்சரே எழுதி ஒட்டியிருந்தார்.

இன்று ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. செடி வாடவில்லை. புதிதாக ஓர் இலை வேறு.

"ஊத்தினது யாருன்னாவது தெரியுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சிருக்கு. சொல்ல மாட்டேங்கறீங்க. ஊத்தினவங்கள நான் சும்மா விடப்போறதில்ல. அதுவரைக்கும் நீங்க வாங்கிக் கட்டிக்குங்க."

கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"கெட்டது கெட்டதுதான். நடுவர் முதல் கேள்வியிலேயே தள்ளிடுவார். கடைசி ரெண்டு நாளாவது கணக்கு ஒழுங்கா வரட்டும்," என்று மூன்றாவது தொட்டியைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கைப்பைக்குள் போனது.

திங்கள்கிழமை கண்காட்சி. நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அப்பாக்கள் செய்த ஏழு எரிமலைகளைப் பார்த்து முடித்த களைப்போடு இந்த மேசைக்கு வந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியர், ஓரடி பின்னால் டீச்சர்.

மேசையில் பச்சைப்பசேலென்று மூன்றாவது தொட்டிச் செடி, ஒரு தராசு. சுவரில் ஓர் அட்டவணை. தலைப்பை டீச்சர் அப்போதுதான் பார்த்தார்:

'தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எழுதினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்?'

"இது செடியைப் பத்தின சோதனை இல்லையா?" என்றார் நடுவர்.

"முதல்ல அப்படித்தான் சார். செவ்வாய்க்கிழமை எடை கூடிடுச்சு. அதான் அன்னிலேர்ந்து இடைவேளையில எல்லாம் வராந்தா அலமாரிக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்தோம்," என்றாள் ரெட்டைஜடை.

"என்ன பார்த்தீங்க?"

சோடாபுட்டி குச்சியால் காட்டினான். "ஒண்ணாம் எண், பெருக்கிட்டே வந்தாங்க. ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, குடிக்க வெச்சிருந்த தண்ணிய ஊத்தினாங்க. ரெண்டாம் எண், ஒண்ணாங்கிளாஸ். பாட்டில் மூடியில ஆறு தடவை கொண்டுவந்தாங்க. மூணாம் எண்ணும் நாலாம் எண்ணும் அஞ்சாங்கிளாஸ் அக்காங்க. ஒருத்தர் புதன், ஒருத்தர் வியாழன். அஞ்சாம் எண், ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவர். நம்ம ஸ்கூலே இல்ல. ஆறாம் எண், அறிவிப்பைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை படிச்சார், கண்ணாடியக் கழட்டிட்டு ஊத்தினார்."

தலைமை ஆசிரியருக்குத் திடீரென்று கூரையில் ஏதோ வேலை இருந்தது.

"ஒருத்தர் ஊத்தறது இன்னொருத்தருக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். யாரும் பார்க்கலேன்னு நினைச்சுத்தான் எல்லாரும் ஊத்தினாங்க."

"பார்த்துட்டு ஊத்தாம போனவங்க எத்தனை பேர்?"

ரெட்டைஜடை விரல் மடக்கவில்லை. அட்டவணையையும் பார்க்கவில்லை.

"திரும்பிக்கூடப் பார்க்காம போனவங்க நூத்துப் பன்னெண்டு சார். நின்னு பார்த்தவங்க ஆறு. அந்த ஆறு பேருமே ஊத்திட்டாங்க."

நடுவர் பேனாவை மூடினார். முப்பது வருடங்களாக ஆய்வுக்கட்டுரைகள் திருத்துகிறவர். இப்படி ஒரு முடிவைப் படித்ததாக அவருக்கு நினைவில்லை.

"பேர் ஏன் போடல? வெறும் எண்ணா இருக்கே?"

"பேர் போட்டா ஆறு பேருக்கும் திட்டு விழும் சார்."

"இப்ப உங்களுக்கு விழுந்திருக்குமே?"

"ஆமா. ஆனா நாங்க ரெண்டே பேர்தானே."

டீச்சர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நடுவரின் விரல் கடைசி வரிக்கு வந்தது. வெள்ளி மாலை 610 கிராம். திங்கள் காலை 665 கிராம். ஊற்றியவர் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி. நேரம் எழுத வேண்டிய கட்டம் காலி.

"இது என்ன?"

"பூட்டின ரூம் சார்," என்றான் சோடாபுட்டி.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

சோடாபுட்டி வாயைத் திறந்தான். ரெட்டைஜடை அவன் காலை மிதித்தாள்.

"நாங்க கண்ணால பார்க்கல சார். பார்க்காதத எழுதக் கூடாது."



டீச்சர் முன்னால் வந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். கேள்விக்குறியை அடித்துவிட்டு, '7' என்று திருத்தமாக எழுதினார். நேரத்துக்கான கட்டத்தில் பேனா ஒரு விநாடி தயங்கியது. பிறகு எழுதியது:

'சனி காலை 10.20. ஞாயிறு மாலை 4.15.'