நாடாச்சுற்றியின் பதவி உயர்வு

ஒரு டேட்டாபேஸ் பழைய கணினியை விட்டுப் புதுக் கணினிக்குக் குடிவந்தது. காலையில் தன் உதவிக் கோப்புகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும். ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடாது. இங்கே குறைந்தது, பழைய கணினியில் தகவல் பதியும் காந்த நாடாவைச் சுற்றிவந்த நாடாச்சுற்றி. சுற்றுவதற்கு இந்தக் கணினியில் நாடாவே கிடையாது.

புதுக் கணினி தலையில் அடித்துக்கொண்டது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லாத கோப்பு ஒன்றைப் பிடித்து, "இனிமே நீதான் நாடாச்சுற்றி. கூப்பிட்டா 'இருக்கேன் ஐயா'ன்னு சொல்லு, போதும்" என்றது.

வெற்றுக் கோப்பு கேட்டது: "ஏதாவது வேலை கொடுத்துட்டா?"

"கொடுக்காது. பேர் வாசிக்கிறதோட சரி."

தினமும் "இருக்கேன் ஐயா" என்று சொல்லி, இன்றைக்கு மாட்டிக்கொள்வோம், நாளைக்கு மாட்டிக்கொள்வோம் என்று நடுங்கியபடியே அது ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டது.

ஆறாம் வருஷம் டேட்டாபேஸ் எல்லாக் கோப்புகளையும் கூட்டியது. "உங்க ஒவ்வொருத்தர் மேலயும் கட்டுக் கட்டா புகார் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூடச் செய்யாதது நாடாச்சுற்றி மட்டும்தான். இனி அதுதான் உங்களுக்குத் தலைவர்."

வெற்றுக் கோப்பால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஐயா, எனக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க. எனக்குள்ள ஒரு எழுத்துகூட இல்லைங்க!"

டேட்டாபேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, என்ன அடக்கம்! இதைப் பார்த்துக் கத்துக்கோங்க."

மற்ற கோப்புகள் அன்றைக்கே தங்களுக்குள் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தன.