கோடில்லாத சக்கரம்

ஜாக்கியிலிருந்து கார் இறங்கிவிட்டது. ஒரு முன்சக்கரத்தின் நட்டுகள் மட்டும் விரலால் திருகியதோடு நிற்கின்றன. இறுக்கிய நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்காமல் மெக்கானிக் எந்த வண்டியையும் பட்டறையைவிட்டு விட்டதில்லை. மற்ற மூன்று சக்கரங்களிலும் கோடு பளிச்சென்று தெரிகிறது. இதில் இல்லை. உள்ளே அவன் அண்ணன், அம்மாவை அடக்கம் செய்து முடித்த பிறகே தகவல் அனுப்பிய அண்ணன், ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறார். அன்றிலிருந்து, ஆலயத்தில் எல்லோரோடும் ஜெபம் சொல்லும்போது, ‘பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல’ என்னும் வரியில் மெக்கானிக்கின் வாய் பூட்டிக்கொள்கிறது. “முடிஞ்சுதாடா தம்பி?” “ம்” என்கிறான். என்ஜின் உறுமுகிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் கோடில்லாத சக்கரத்தின் மேலேயே நிற்கிறது. கையில் ஸ்பேனர் வியர்வையில் வழுக்குகிறது. கார் ஒரு சாண் நகர்கிறது.

“நிறுத்துண்ணே!” பானெட்டை ஓங்கி அறைகிறான். “இறங்கு. முன்சக்கரத்த நான் இறுக்கல.” “என்னடா, மறந்துட்டியா?” ஆமாம் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபம். “மறக்கலண்ணே. வேணும்னேதான் விட்டேன்.” அண்ணனின் முகம் வெளிறுகிறது. இறங்கியவர் கதவைப் பிடித்தபடியே நிற்கிறார். மெக்கானிக் சக்கரத்தின் முன் முழங்கால் போடுகிறான். ஒவ்வொரு நட்டாக, உடம்பின் மொத்த பலத்தையும் கொடுத்து இறுக்குகிறான், கோடு இழுக்கிறான். கடைசி நட்டில் சாக்பீஸ் உடைகிறது. அவன் உதடுகள் அசைகின்றன. ஆலயத்தில் வராத அந்த வரி, சத்தமில்லாமல், பாதிவரை வந்துவிட்டது.