டூகலின் சம்மதம்

பக்கவாதத்தில் கால்கள் விழுந்த தந்தை டூகலைப் பார்க்க, கனடாவிலிருந்து ஐந்து ஆண்டு கழித்து வந்திருந்தான் ரூரி. மறுநாளே அவருடைய நாற்காலிக்கு அருகில் தாள்களை விரித்தான்.

"அப்பா, இந்த வீட்டை வித்துடலாமா?"

"ஐ" என்றார் டூகல். ஸ்காட்லாந்தின் அந்த மீனவர் ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்.

"முதியோர் இல்லத்துல நீங்களும் அம்மாவும் வசதியா இருக்கலாம். சம்மதந்தானே?"

"ஐ."

"மனசறிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஐ! ஐ!"

ரூரிக்குப் பெரிய பாரம் இறங்கியது. தேநீருடன் வந்த தாய் எல்ஸ்பெத்திடம், "அப்பா ஒத்துக்கிட்டார்மா. நீதான் வீணா பயந்தே" என்றான்.

எல்ஸ்பெத் கோப்பையை வைத்துவிட்டுக் கணவரிடம் கேட்டாள்.

"ஏங்க, நான் செத்துப்போயிட்டேனா?"

"ஐ" என்றார் டூகல். அவர் கண்கள் நிறைந்து வழிந்தன.

ரூரி திகைத்தான்.

"கால் மட்டும் போகலடா, பேச்சும் போச்சு. இந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். வேணும்னாலும் அதுதான், வேண்டாம்னாலும் அதுதான். போன்ல அவர் உன்கிட்ட சொன்னதும் இந்த ஒரே வார்த்தையைத்தான். சொன்னா நீ பதறுவேன்னு மறைச்சேன். அவர் வாயைப் பார்க்காதே, கையைப் பாரு."

டூகலின் இடக்கை நாற்காலியின் பிடியை நரம்பு புடைக்க இறுக்கிக்கொண்டிருந்தது.

ரூரி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தான். தந்தையின் காலடியில் உட்கார்ந்தான்.

"அப்பா... இத்தனை வருஷமா எனக்காகக் காத்துட்டு இருந்தீங்களா?"

"ஐ" என்றார் டூகல். பிடியை விட்ட கை, மகனின் தலையைத் தேடி வந்தது.