இருவருக்கும் மாத்திரை

டோங்கா நாட்டின் வவாவுத் தீவு மருத்துவமனைக் கூடத்தில் காலை வெயில் சரிந்து விழுகிறது. லூசியானே, வெளியே போகும்போது மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயின் மேல் கையை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கருப்பையில் பால்வினைத் தொற்று, அடிவயிறு வலிக்கிறது. "மரியாதையான வீட்டுப் பொம்பளைக்கு இதெல்லாம் வருமாம்மா?" என்று நர்ஸ் உரக்கக் கேட்கிறாள். பெஞ்சு நிறையத் தேவாலயத்துப் பெண்கள். வாசலில் பாடகர் குழு நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கும் கணவன் செமிசியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் இருவருக்கும் எழுதிய மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அவள் நேரே அவனிடம் போகிறாள். "எனக்கெதுக்குடி?" என்று அவன் முணுமுணுக்கிறான். "கப்பல் வேலைக்குப் போயி நீங்க கொண்டாந்த நோய்க்குத்தான். இப்பவே, இங்கயே முழுங்குங்க!" பெஞ்சு வரைக்கும் கேட்கிறது. நண்பர்கள் கடலைப் பார்க்கிறார்கள். செமிசி தண்ணீர் கேட்கிறான்.