கடைசிப் பக்கத்தில் கல்யாணம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய நாவலை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, சிந்துஜா அடுப்படிக்கு ஓடிவந்தாள். அம்மா ஜெயராணி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"செம காமெடிம்மா! லேப்ல பிஎச்.டி. பண்ற ஹீரோயினை அவ புரொபசர் திட்டிக்கிட்டே இருக்காரு. கடைசில அவளையே கல்யாணம் பண்ணிக்கிறாரு."

"அவ பிஎச்.டி. என்னாச்சு?"

"அதைப் போடலயே. அதான் கல்யாணம் ஆயிடுச்சே, அப்புறம் என்னா?"

ஜெயராணி நண்டின் வயிற்றில் அப்பியிருந்த முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஹாலிலிருந்து கணவரின் குரல் வந்தது. "கொழம்பு ஆச்சா இல்லியா?"

"இதோ ஆச்சு சார்."

சிந்துஜா சிரித்தாள். "கட்டின புருஷனைப் போயி சார்னு கூப்புடற ஒரே ஆளு நீதாம்மா."

பாதியில் நின்றுபோன தன் நண்டு ஆராய்ச்சிக்கு அவர்தான் கைடு என்று ஜெயராணி மகளிடம் சொன்னதே இல்லை.